எனக்கு நெஞ்சுவலி வந்த கதை

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளே, டிக்கெட் மெஷினைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அதை நீங்கள்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டும். கூட்டத்துக்குள் எப்படி நகர்வது, படியில் தொங்குகிறவனை எப்படி உள்ளே ஏற்றுவது என்பதையெல்லாம் ஒரு மாதத்தில் உங்கள் உடம்பே கற்றுக்கொள்ளும். யாரும் சொல்லித்தராத ஒன்று இருக்கிறது. மனிதர்கள் எதைச் சொல்லாமல் இருப்பதற்காக எதைச் சொல்கிறார்கள் என்பது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நான் சவரி, எல்லோருக்கும் சவுரி. அரூர் பக்கத்துத் தனியார் பேருந்துகளில் கண்டக்டராக இருந்துவிட்டு இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கூடவே, எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவன். வண்டி கிளம்புவதற்கு முன் பின்கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பேன். இரண்டு நிறுத்தம் போனதும் மறுபடியும் இழுத்துப் பார்ப்பேன். ஸ்டெப்னி டயரைக் காலால் உதைத்துப் பார்க்காமல் எனக்குக் காலை டீ இறங்காது. என்னோடு அதிக காலம் ஓடிய டிரைவர் மாதையன் அண்ணன் சொல்வார்: "சவுரி, உன்னக் கல்லறையில வச்சு மூடுனாக்கூட, மூடி சரியா உக்காந்துச்சான்னு எந்திரிச்சுப் பாத்துட்டுத்தான்டா படுப்ப." அதற்கு முன்சீட்டுப் பயணிகள் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

என் மகள் நர்ஸ் படிப்பு படித்தபோது ஒரு நாள் பரீட்சைக்காக ஒரு பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். தாங்க முடியாத ஒன்று எதிரே வரும்போது, மனசு நம்மைக் கேட்காமலே ஒரு தடுப்பை முன்னால் இழுத்துவிட்டுக்கொள்ளுமாம். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதிப்பது ஒரு வகை. தன்னிடம் இருப்பதை அடுத்தவன் மேல் ஏற்றிச் சொல்வது ஒரு வகை. கோபத்தைக் காட்ட வேண்டிய இடத்தில் காட்டாமல் வேறொரு ஆளிடம் காட்டுவது, நல்ல நல்ல காரணமாகக் கண்டுபிடித்துச் சொல்வது, கிண்டல் அடித்து மழுப்புவது என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் எனக்கு நிற்கவில்லை. ஆனால் அவள் வாசிக்க வாசிக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு பயணியின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. வண்டிக்கு முன்னால் பம்பர் இருக்கிறதே, அதுதான் இது என்று புரிந்துகொண்டேன். இடியை அது வாங்கிக்கொள்ளும். உள்ளே இருக்கிற என்ஜின் தப்பிக்கும்.

சின்ன உதாரணம் ஒன்று சொல்கிறேன். ஒரு நாள் சேலத்தில் ஏறிய ஒருவர், உட்கார்ந்த உடனே என்னைப் பிடித்துக்கொண்டார். "யோவ், பாட்ட நிறுத்துய்யா! இது பஸ்ஸா, கல்யாண மண்டபமா?" பாட்டுச் சத்தம் அன்றைக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. நானும் பதிலுக்குக் கத்த வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் அவர் மடியில் இருந்த பெரிய ஸ்கேன் கவரைப் பார்த்தேன். அதன்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார், காற்றில் பறந்துவிடும் என்பதுபோல. பக்கத்தில் அவர் மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பாட்டை நிறுத்திவிட்டு வந்தேன். "ஏன் நிறுத்துன?" என்று பின்சீட்டுப் பையன்கள் கத்தினார்கள். அவர்கள் திட்டையும் வாங்கிக்கொண்டேன். அந்த ஆளுடைய கோபம் என் விலாசத்துக்கு வந்திருந்தது, அவ்வளவுதான். கண்டக்டர் என்பவன் ஊர்க் கோபத்துக்கெல்லாம் தபால் பெட்டி. உள்ளே விழுகிற எல்லாவற்றையும் தனக்கு வந்தது என்று பிரித்துப் படித்தால் அவன் ஒரு வாரம் தாங்க மாட்டான்.

பயணி இறங்கிப் போய்விடுவார். கூடவே ஓடுகிற ஆள் அப்படி பம்பர் கட்டிக்கொண்டால் என்ன செய்வது? அதுதான் கஷ்டம்.

மாதையன் அண்ணன் என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி இருப்பார். ஊரில் எல்லோரையும் தெரியும். யார் கை காட்டினாலும் நிறுத்துவார். எங்கள் வண்டி அரூரிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டி வழியாக மஞ்சவாடி கணவாய் ஏறிச் சேலம் போகும். கடைசி டிரிப் சாயங்காலம் கிளம்பும். கணவாய்க்கு அடியில் போய்ச் சேரும்போது வெளிச்சம் மங்கிக்கொண்டிருக்கும்.

முதலில் அவர் எதிரே வருகிற வண்டிகளின் விளக்கைக் குறை சொன்னார். "இப்ப வர்ற காருங்களுக்கெல்லாம் வெள்ள லைட்டு. கண்ணப் புடுங்குறானுங்க." உண்மைதான், எனக்கும் கூசியது. பிறகு முன்கண்ணாடி. ஷெட்டில் வண்டி கழுவுகிறவரைத் திட்டினார். "என்னாத்தக் கழுவுற நீ? மோரு தெளிச்ச மாதிரி இருக்குது." அவர் மறுபடி துடைத்தார். அண்ணன் தானும் ஒரு துணியை வைத்துக்கொண்டு நிறுத்தத்துக்கு நிறுத்தம் துடைத்தார். அதன் பிறகு ரோடு. "அகலப்படுத்தறோம்னு தோண்டிப் போட்டுட்டு ஒரு வெள்ளக்கோடு போடறானுங்களா பாரு." அதுவும் உண்மைதான், பல இடத்தில் கோடு இல்லை.

ஒரு நாள் இன்னொரு வண்டி எங்களைத் தாண்டிக்கொண்டு போனது. அதன் டிரைவரைச் சொல்லி, "அந்தாளுக்குக் கண்ணே தெரியறதில்ல சவுரி. அவனையெல்லாம் இன்னும் ஏன் வண்டியில வச்சிருக்கானுங்க? வூட்டுக்கு அனுப்ப வேண்டியதுதானே," என்றார். அவரே அப்படிச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நான் டிக்கெட் கிழித்தேன்.

தம்பிகளே, இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இப்படிப்பட்ட காரணம் எதுவும் முழுப்பொய்யாக இருக்காது. பாதி உண்மை இருக்கும். அதனால்தான் சொல்கிறவரும் நம்புவார், கேட்கிறவனும் தலையாட்டுவான்.

எனக்குச் சந்தேகமே வரவில்லையா என்றால், கவலைப்படுவதே தொழிலாகக் கொண்டவனுக்கு வராமல் இருக்குமா? ஆனால் அந்த நாட்களில் நான் எதற்குக் கவலைப்பட்டேன் தெரியுமா? அவசர வழிக் கதவின் கைப்பிடி இறுக்கமாக இருக்கிறது என்று. மேலே கட்டிய வாழைத்தார் சரிகிறது என்று. முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இல்லை என்று. முதலாளியிடம் போய் பஞ்சுக்காகச் சண்டை போட்டேன். அவர், "உனக்கு வேற வேலையே இல்லியாப்பா?" என்று வாங்கிக் கொடுத்தார். பெரிய பயம் ஒன்று உள்ளே இருக்கும்போது, அதைத் தொடாமல் இருக்க மனசு சின்னச் சின்னப் பயமாக எடுத்துக் கையில் கொடுக்கும். என் பம்பர் அது. மகள் வாசித்ததைக் கேட்ட பிறகுதான் எனக்கே விளங்கியது.

விஷயம் வெளியே வந்தது என் தொண்டையால். ஐப்பசி மழையில் நனைந்து தொண்டை கட்டிக்கொண்டது. சுத்தமாகப் பேச்சு வரவில்லை. நிறுத்தத்தின் பெயர் சொல்லிக் கூவ முடியாது. விசிலை மட்டும் வைத்து ஓட்டிவிடலாம் என்று வேலைக்குப் போனேன். உங்களுக்குத் தெரியும், ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. ஆள் இறங்க வேண்டிய இடத்தில் ஒரு விசில் கொடுத்தேன். நின்றார். எல்லாம் சரியாகத்தான் போனது.

அடுத்த நாள் சாயங்காலம், கணவாய்க்கு முந்தின புளியமர நிறுத்தத்தில் ஏறுகிற செல்வி என்ற பெண் ஏறியவுடனே பிடித்துக்கொண்டாள். சேலத்தில் நைட் ஷிப்டுக்குப் போகிற பெண். வாய்க்குப் பஞ்சமில்லை.

"ஏண்ணா, நேத்து எனக்கு அரை நாள் சம்பளம் போச்சு. யாரு குடுக்கறது, நீங்களா, உங்க டிரைவரா?"

நான் என்ன என்று கையால் கேட்டேன்.

"கைய ஆட்டிட்டே நிக்கறேன். என் மூஞ்சிய நேராப் பாத்துட்டே போறாரு மனுசன். தெனம் பாக்கற ஆளு. நான் என்ன, ஒரே நாள்ல கறுத்துப் போயிட்டனா?"

வண்டியில் எல்லோரும் சிரித்தார்கள். முன்னாலிருந்து அண்ணனும் சத்தமாகச் சிரித்தார். "பவுடர் போட்டுட்டு வாம்மா, அப்பத்தான் தெரியும்." அவளும் சிரித்துவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நிறுத்தத்தில் தினமும் நான், "புளியமரம், புளியமரம், ஏர்றது இருக்குது" என்று கூவுவேன். முந்தின நாள் தொண்டை இல்லாததால் கூவவில்லை. இறங்குகிறவர் யாரும் இல்லாததால் விசிலும் ஊதவில்லை. அவர் நிறுத்தவில்லை. அப்படியென்றால் இத்தனை நாளும் அவர் பார்த்து நிறுத்தியது இல்லை. கேட்டு நிறுத்தியது. நான் யோசித்துப் பார்த்தேன். "அண்ணா, லெஃப்ட்ல பைக்கு", "அண்ணா, மாடு கட்டியிருக்குது", "வளைவு வருதுண்ணா" என்று நான் எப்போதிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்? எனக்கே தெரியவில்லை. அவர் கேட்கவும் இல்லை, நான் முடிவு செய்யவும் இல்லை. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல், அவர் கண் இருக்க வேண்டிய இடத்தில் என் வாயை வைத்திருந்தோம்.

அவரிடம் சொல்லத்தான் வேண்டும். சொன்னேன். ஆனால் சொன்ன விதம் சரியில்லை. பாப்பிரெட்டிப்பட்டி டீக்கடையில், வேறு வண்டி ஆட்களும் நிற்கும்போது, கரகரத்த குரலில், "அண்ணா, கண்ண ஒருவாட்டி டாக்டர்கிட்டக் காட்டிடலாமேண்ணா," என்றேன்.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சுற்றிலும் பார்த்தார். "கேட்டீங்களாய்யா? போன மாசம் பஞ்சு இல்லன்னு அழுதான். அதுக்கு முந்தி டயரு. இப்ப என் கண்ணு. சவுரி, ராத்திரி உம் பொண்டாட்டிக்கு மூச்சு வருதான்னு மூக்குல கை வச்சுப் பாக்கறியா இல்லியா, உண்மையச் சொல்லு."

டீக்கடையே சிரித்தது. அவர் மட்டும் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வண்டிக்குப் போனார். அதன் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. விசிலுக்கு நின்றார், விசிலுக்குக் கிளம்பினார். நாலு பேர் முன்னால் ஒரு மனிதனின் பம்பரைக் கழற்றினால் அவன் முதல் வேலையாக இன்னும் கெட்டியாக ஒன்றை மாட்டிக்கொள்வான். இது அன்றைக்கு நான் கற்றது.

முதலாளியிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் மறுநாளே இறக்கிவிடுவார். வண்டிக்கு அது நல்லதுதான். ஆனால் அண்ணன் அடுத்த வாரம் வேறு ஒரு வண்டியில் உட்கார்ந்திருப்பார். கைராசியான டிரைவர், எந்த முதலாளியும் கூப்பிட்டுக்கொள்வார். அங்கே கூவுவதற்கு நான் இருக்க மாட்டேன். கண்ணைச் சோதிப்பார்களே, அந்த லைசென்ஸ் புதுப்பிக்கிற தேதியும் தூரத்தில் இருந்தது. அதனால் எனக்கு லீவான ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராக அவர் ஊருக்குப் போனேன், அவர் டிரிப்பில் இருக்கிற நேரமாகப் பார்த்து.

அவர் மனைவி வெளியே ராகி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி. அவரு வூட்டுல இல்லீங்களே," என்றார்.

"தெரியும் அண்ணி. உங்களத்தான் பாக்க வந்தேன். அண்ணனுக்குக் கண்ணு..."

"அவருக்கு என்னாங்க? ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் இருக்காரு." நான் முடிக்கவே விடவில்லை. ராகியைக் கையால் பரப்பிக்கொண்டே இருந்தார். பரப்பின இடத்தையே மறுபடியும் பரப்பினார். பிறகு நிமிராமலே சொன்னார்: "சோத்துத் தட்டுல கொழம்பு எங்க இருக்குதுன்னு வெரல வச்சுத் தடவித்தான் சாப்புடறாரு. கேட்டா கரண்டு கம்மியா வருதுங்கறாரு. பகல்லயும் அப்படித்தான்."

"ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுப் பாத்தீங்களா?"

"அந்தப் பேச்செடுத்தா தட்ட வச்சுட்டு எந்திரிச்சுப் போயிடறாருங்க. அவங்கப்பாவுக்கு அந்தக் காலத்துல கண்ணுல ஆபரேசன் பண்ணாங்க. அது சீழ் வச்சு, இருந்த பார்வையும் போயிடுச்சு. அதுக்கப்புறம் சாகற வரைக்கும் குச்சியோட ஒரு முனைய அவரு புடிப்பாராம், மறு முனையப் புடிச்சுட்டு இவரு முன்னால நடப்பாராம், சின்னப் பையனா. எங்கிட்டக் கலியாணமான புதுசுல ஒரே ஒருவாட்டி சொன்னது."

திரும்பி வரும்போது எனக்கு ஒரு விஷயம் தெளிவாகியிருந்தது. அவர் மறைத்தது கண்ணை இல்லை. கண் மங்கினதை அவரும் அறிவார். குச்சியில் அப்பா பிடித்த முனையில் தான் நிற்பதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. இத்தனை நாளும் நான் தட்டிக்கொண்டிருந்தது வேறு கதவு.

அடுத்த வாரத்தில் ஒரு நாள். சாயங்கால டிரிப். என் தொண்டை சரியாகியிருந்தது. வண்டி நிறையக் கூட்டம், பெரும்பாலும் செல்வி மாதிரி நைட் ஷிப்டுக்குப் போகிறவர்கள், சந்தை முடிந்து திரும்புகிறவர்கள், கைக்குழந்தையோடு ஒருத்தி. பாப்பிரெட்டிப்பட்டி தாண்டி, புளியமரத்தில் செல்வியும் ஏறின பிறகு, முன்னால் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. பின்னால் விளக்கு இல்லை, சாக்குப்படுதா தொங்கியது. நான் நடுவில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். தற்செயலாக நிமிர்ந்தேன். டிரெய்லர் கண்ணாடி முழுக்க இருந்தது. வண்டி வேகம் குறையவில்லை.

"அண்ணா! டிராக்டரு!"

பிரேக் அடித்தார். நின்றுகொண்டிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். தக்காளிக் கூடை கவிழ்ந்து சீட்டுக்கடியில் உருண்டது. குழந்தை வீறிட்டது. இடிக்கவில்லை. மூச்சு விடுகிற தூரம்தான் இருந்தது.

"லைட்டு இல்லாம ஓட்டறான் பாரு, நாயி!" என்று அண்ணன் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார். உடனே வண்டியே சேர்ந்துகொண்டது. "அவன எறக்கி உதைங்க!" "போலீசுக்குப் போன் போடுங்க!" "நல்லவேளை, நம்ம டிரைவரு கெட்டிக்காரரு, புடிச்சு நிறுத்துனாரு." தம்பிகளே, அதைக் கேட்டபோதுதான் எனக்குப் பயம் வந்தது. அதுவரை ஒரு ஆள் தனியாகக் கட்டிய பம்பர். இப்போது அந்த வண்டியில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் நெற்றியைத் துடைத்தார். வண்டியை எடுத்தார்.

கணவாய் அடிவாரத்தில் ஒரு நிறுத்தம் உண்டு. ஒரு பங்க்சர் கடை, ஒரு டீக்கடை. அதற்கப்புறம் வளைவு ஆரம்பம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். இரண்டு பேர் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். இறங்கினவன் ஏறவில்லை. விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு விசில் வராமல் வண்டி நகராது. அது சட்டமா பழக்கமா என்று யாரும் கேட்டதில்லை. அண்ணன் அந்த முறையை ஒரு நாளும் மீறாதவர். ஹாரன் அடித்தார். நான் நின்றேன். மறுபடியும் அடித்தார்.

"யோவ் கண்டக்டரு, தூங்கிட்டியா?" "ஒண்ணுக்குப் போனா சொல்லிட்டுப் போய்யா!" ஜன்னலுக்கு ஜன்னல் தலை எட்டிப் பார்த்தது. நான் வண்டியைச் சுற்றி நடந்து டிரைவர் கதவுக்குப் போனேன்.

"என்னடா?"

உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. விழுங்கிக்கொண்டேன். "அண்ணா, எனக்குப் பயமா இருக்குது. நான் ஏறல."

"என்னாத்துக்குப் பயம்?"

"தெரியல. பயமா இருக்குது. நான் விசில் குடுக்க மாட்டேன்."

"நீ எதுக்குத்தான் பயப்படல? ஏர்ரா, டைமாவுது."

"நான் எப்பவும் பயந்தவன்தாண்ணா. நீயே சொல்லுவ. இன்னிக்கு ரொம்ப இருக்குது."

அவர் என்னைப் பார்த்தார். என் முகத்தைத் தேடிப் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். நான் கதவுக்கு இன்னும் பக்கத்தில் போய், மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொன்னேன்: "ஒங்கப்பா காலம் வேறண்ணா. இப்பப் போயிட்டு மறுநாளே வூட்டுக்கு வந்துடறாங்க. நான் கூட வர்றேன். என் கண்ணையும் காட்டறேன். மொதல்ல என்னுது."

அவர் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தார். முன்னால் அவருக்கு என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ரோடு, முதல் வளைவு, அதற்குமேல் இருட்டிக்கொண்டு வந்த மலை. பின்னால் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

என்ஜினை நிறுத்தினார். சாவியை எடுத்தார். இறங்கி வந்து என் தோளைப் பிடித்து, வண்டியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "எல்லாரும் எறங்குங்க! கண்டக்டருக்கு நெஞ்சு வலிக்குதாம். வண்டி போவாது. பின்னாடி வர்ற வண்டியில ஏத்தி வுடறேன்."

எனக்கு நெஞ்சு வலிக்கவில்லை. ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு பங்க்சர் கடை டயர் மேல் உட்கார்ந்தேன்.

"பாவம், மூஞ்செல்லாம் வெளுத்துப் போச்சு," என்று குழந்தைக்காரி தண்ணீர் கொடுத்தாள். செல்வி மட்டும் என் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். "நெஜமாவே வலிக்குதாண்ணா?" என்றாள். நான் தலையாட்டினேன். அவள் மாதையன் அண்ணனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நல்லா வலிக்கட்டும், விட்டுடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் பின்னால் வந்த வண்டியில் ஏறிப் போனாள்.

முதலாளி வேறு டிரைவரை அனுப்பினார். அண்ணன் என்னை ஆட்டோவில் ஏற்றி அரூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். வழியெல்லாம், "நெஞ்சத் தேச்சுக்கோ, மூச்ச இழுத்து வுடு," என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் அதை நம்ப ஆரம்பித்திருந்தார். அங்கே நாடி பார்த்தபோது அது நிஜமாகவே ஓட்டம் ஓடியது. கவலைக்காரனுக்கு அதுதான் வசதி, எந்த நேரத்தில் பிடித்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். காலையில் தர்மபுரிக்குப் போய்ப் பெரிய டாக்டரைப் பாருங்கள் என்றார்கள்.

மறுநாள் தர்மபுரியில் என் நெஞ்சை நன்றாகப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, கவலைய மட்டும் கொறைங்க," என்று சொன்னார் டாக்டர். அண்ணன் எனக்காக எல்லா இடத்திலும் கதவைத் திறந்துவிட்டார், ஒரு இடத்தில் கதவு இல்லாத சுவரையும் தள்ளினார். வெளியே வந்ததும் நான், "வந்தது வந்துட்டோம். கண்ணு பாக்கற எடம் மேலதான் இருக்குது. நான் காட்டிக்கறேன், நீ சும்மா கூட வா," என்றேன். கூட வந்தார். மாடிப்படியில் என் சட்டையின் கீழ்நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

கண் டாக்டரம்மா என் கண்ணைப் பார்த்த பிறகு, அவரே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னபோது, அவர் கேட்டார்: "எங்கப்பாவுக்கு இப்படித்தாங்க பண்ணாங்க. அவருக்குப் போயிடுச்சுங்க. எனக்கும் போயிடுமாங்க?" அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் திருப்பி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொன்னார். எத்தனையோ மாதமாக விளக்கும் கண்ணாடியும் வெள்ளைக்கோடும் டிராக்டருமாக வந்துகொண்டிருந்தது அந்த ஒரு கேள்விதான். அதைக் கேட்டு முடித்ததும் அவருக்கு மற்ற எதுவும் தேவைப்படவில்லை. அதன் பிறகு அவர் ரோட்டைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு கண் முடிந்து, சில வாரத்தில் மறு கண்ணும் முடிந்தது. கட்டு அவிழ்த்த அன்றைக்கு நான் போயிருந்தேன். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்ன சவுரி, இவ்வளவு நரைச்சிட்ட?" என்றார். டாக்டர் சான்றிதழ் கொடுத்த பிறகு மறுபடி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். முதலாளிக்கும் சங்கடம் இல்லை. கண் தெரியாமல் ஓட்டின டிரைவர் என்று ஊரில் பேச்சு இல்லையே. கண்டக்டருக்கு நெஞ்சுவலி வந்தது, கூடப் போன இடத்தில் டிரைவருக்குக் கண் பார்த்தார்கள், அவ்வளவுதான் ஊருக்குத் தெரியும்.

தம்பிகளே, உங்களில் சிலர் என்னை "நெஞ்சுவலி கண்டக்டர்" என்று சொல்வது எனக்குத் தெரியும். அந்தப் பெயர் வந்தது இப்படித்தான். ஒரு மனிதன் பிடித்துக்கொண்டிருப்பதைப் பிடுங்கினால் அவன் விழுவான். வேறு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, பள்ளத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்க வையுங்கள். கொடுப்பது உங்கள் பெயராக இருந்தாலும் கொடுங்கள். ஆனால் ஒன்று. வண்டி நகரக்கூடாத இடத்தில் விசில் மட்டும் கொடுக்காதீர்கள். அதில் தயவு பார்க்கக்கூடாது.

அண்ணனும் இப்போது வீட்டில்தான் இருக்கிறார். இதை எழுதுவதற்குமுன் அவரிடம் கேட்டேன். "எழுதிக்கோ, உனக்கு நெஞ்சு வலிச்சதத்தானே எழுதப்போற," என்றார். இதை முழுக்கப் படிப்பார், இப்போதெல்லாம் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறார். படித்துவிட்டு, "சவுரி கதை வுடறான்," என்பார். அதுவும் சரிதான்.

மாதத்துக்கு ஒருமுறை போன் செய்வார். மழை எப்படி, மாட்டுக்குத் தீவனம் இருக்கிறதா என்று பேசுவார். வைக்கிறதுக்கு முன்னால் குரலைத் தாழ்த்தி, நிஜமான அக்கறையோடு ஒவ்வொரு தடவையும் கேட்பார்:

"நெஞ்சு இப்ப எப்படிடா இருக்குது?"

"பரவால்லண்ணா," என்பேன். "இப்பல்லாம் வலி இல்ல."

கண்ணைப் பற்றி நான் கேட்பதில்லை.